பாக்கும் நெல்வயலும் நினைவும்: அசற்றைல்கோலின் ஆய்வு வரலாறும் கல்முனைக் கரையும்

முன்னுரை

கற்றது மனத்தில் எவ்வாறு பதிகின்றது, பதிந்தது எவ்வாறு அழிகின்றது என்னும் வினா மிகப் பழையது. நினைவை வளர்க்க வல்லாரையைப் பரிந்துரைத்த தமிழ் மருத்துவரும், அறிவைக் குழப்புமென ஊமத்தையை விலக்கிய நம் முன்னோரும் அவ்வினாவுக்குத் தத்தம் வழியில் விடை தேடியோரே. அவ்விடையின் ஒரு பகுதியை இரசாயனத்தின் மொழியிற் கூறும் ஆற்றல் கடந்த நூற்றாண்டிலேயே மனிதனுக்கு வாய்த்தது. மூளையின் கலங்களுக்கிடையே செய்தி கடத்தும் அசற்றைல்கோலின் என்னும் சிறிய பொருள் இவ்வரலாற்றில் முதன்மையான இடம் பெறுகின்றது.

அப்பொருளின் வரலாற்றை அம்பாறை மாவட்டத்தின் கடலோர முஸ்லிம் ஊர்களை நிலைக்களனாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தொடரும் இவ்வூர்கள் கிழக்கே கடலையும் மேற்கே பரந்த நெல்வட்டைகளையும் எல்லையாகக் கொண்டவை. இவ்வூர் மக்களின் வெற்றிலை வட்டாவில் உள்ள பாக்கும் புகையிலையும், வேலியோரத்தில் வளரும் ஊமத்தையும், வட்டையில் விசிறப்படும் பூச்சிகொல்லியும் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாகத் தோன்றும். எனினும் அவை அனைத்தும் உடலினுள் அசற்றைல்கோலின் பணிபுரியும் இடத்தையே சென்றடைகின்றன. இவ்வொற்றுமை நினைவைப் பற்றி நமக்கு உணர்த்துவது யாது என்பதையும், இம்மக்களின் நலத்தோடு அது எவ்வகையில் தொடர்புறுகின்றது என்பதையும் பின்வரும் பகுதிகளில் ஆராய்வோம்.

1. வெற்றிலை வட்டா

வெற்றிலையும் பாக்கும் தமிழர் வாழ்வில் மிகு பழமை வாய்ந்தவை. உணவுண்ட கோவலனுக்குக் கண்ணகி அவற்றை அளித்தமையைச் சிலப்பதிகாரம் கூறும். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அறபுப் பயணி இப்னு பதூதாவும் தமது பயணநூலில் வெற்றிலையையும் பாக்கையும் பற்றி விரிவாக எழுதியுள்ளார். கிழக்குக் கரையில் விருந்தினரை வரவேற்கவும் மணவீட்டுக்கு அழைக்கவும் பகை தீர்ந்து உறவு கொள்ளவும் வட்டாவை முன்வைத்தல் மரபாக இருந்து வந்துள்ளது. பல்லிழந்த முதியோர் சிற்றுரலில் இடித்து மென்றமையும் நாம் அறிந்ததே. போர்த்துக்கேயர் காலத்திற்குப் பின்னர் பரவிய புகையிலை இவ்வட்டாவில் இறுதியாகச் சேர்ந்த பொருளாகும்.

பாக்குக்குத் தமிழில் அடைக்காய் என்னும் பெயரும் உண்டு. மலையாளத்தில் அடைக்கா என வழங்கும் இச்சொல் போர்த்துக்கேயர் வாயிலாக மேலைமொழிகளிற் புகுந்து ‘அரேக்கா’ எனத் திரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய இரசாயனவியலார் பாக்கிலிருந்து பிரித்தெடுத்த காரப்போலிக்கு அப்பெயரினடியாகவே அரிக்கோலின் என்று பெயரிட்டனர். புகையிலையிலிருந்து நிக்கொற்றீன் 1828இல் பிரிக்கப்பட்டது. ஊமத்தையின் இனத்தைச் சேர்ந்த செடிகளிலிருந்து அத்திரோப்பீன், கயோசின் ஆகியனவும் அந்நூற்றாண்டிலேயே பெறப்பட்டன. இவை உடலில் ஏற்படுத்தும் விளைவுகள் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டன. உமிழ்நீர் பெருகுதல், நாடித்துடிப்புக் குறைதல், கண்மணி விரிதல், மயக்கமுறுதல் என அப்பட்டியல் நீண்டது. ஆயினும் இவை உடலின் எப்பகுதியில் எதனைத் தொட்டு வினைபுரிகின்றன என்பது மறைபொருளாகவே இருந்தது.

2. ஆய்வுகூடங்களின் கண்டுபிடிப்பு

கேம்பிரிட்ஜ் உடற்றொழிலியலாளர் இலாங்கிலி 1905இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மருந்து வந்து பொருந்துவதற்கென ஏற்கும் பொருளொன்று கலத்தில் இருத்தல் வேண்டும் என்பதே அது. இன்று வாங்கி என வழங்கும் கருத்தின் தோற்றுவாய் இதுவாகும். அசற்றைல்கோலின் 1867இலேயே ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டிருந்தது. எனினும் உடலின் மீது அது கொண்ட பேராற்றல் 1906இல் ஹன்ற், தவோ ஆகிய இருவரால்தான் வெளிப்படுத்தப்பட்டது.

1914இல் ஹென்றி டேல் இப்பொருளின் வினைகளை இரண்டாக வகுத்தார். காளானிலிருந்து பெறப்படும் முசுக்கரீனின் வினையை ஒத்தவை ஒரு வகை; இவற்றை அத்திரோப்பீன் தடுத்துவிடும். நிக்கொற்றீனின் வினையை ஒத்தவை மற்றொரு வகை. இப்பாகுபாடே இன்றும் நிலவுகின்றது. இதனை நமது வட்டாவோடு ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பாக்கிலுள்ள அரிக்கோலின் பெரும்பாலும் முசுக்கரீன் வகை வாங்கிகளைத் தூண்டுவது. புகையிலை நிக்கொற்றீன் வகையைத் தூண்டுவது. ஊமத்தையின் சாரம் முதல்வகையை அடைத்துவிடுவது. டேல் ஆய்வுகூடத்திற் கண்ட பிரிவின் இரு பக்கங்களும் ஒரு மடி வெற்றிலையில் அடங்கியிருந்தன. அரிக்கோலினுக்கு நிக்கொற்றீன் வாங்கிகளிற் சிலவற்றையும் ஓரளவு தூண்டும் இயல்புண்டென்பது 2015இல் வெளிவந்த ஆய்வொன்றினால் அறியப்பட்டது. பாக்கை விடமுடியாது தவிப்போரின் பழக்கத்திற்கு அதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது.

நரம்பு தன் செய்தியை இரசாயனப் பொருளாற் கடத்துகின்றது என்பதை நிறுவியவர் ஒற்றோ லோவி. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் அவர் நிகழ்த்திய சோதனை எளியது. நரம்பு தூண்டப்பட்டுத் துடிப்புக் குறைந்த தவளை இதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை மற்றோர் இதயத்திற்கு மாற்றியபோது அதுவும் துடிப்புக் குறைந்தது. சோதனை முறை கனவில் உதித்ததென்றும், எழுந்து எழுதிவைத்த குறிப்பு மறுநாட் காலையில் வாசிக்க இயலாதிருந்ததென்றும், அடுத்த இரவில் அக்கனவு மீண்டதென்றும் அவரே பின்னர் கூறியுள்ளார். ஆய்வு 1921இல் வெளியாயிற்று. டேலும் டட்லியும் 1929இல் விலங்குகளின் மண்ணீரலிலிருந்து அசற்றைல்கோலினைப் பிரித்தெடுத்தனர். 1936இல் டேலும் லோவியும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இங்கு மற்றொரு பொருளும் குறிப்பிடற்பாலது. வெளிவிடப்பட்ட அசற்றைல்கோலினை அசற்றைல்கோலினெசுத்தரேசு என்னும் நொதியம் உடனடியாகச் சிதைக்கின்றது. செய்தியைத் தொடக்குவது ஒரு பொருள், முடித்துவைப்பது அந்நொதியம். பின்வரும் வரலாற்றின் பெரும்பகுதி இந்நொதியத்தைச் சுற்றியே அமைகின்றது.

3. நினைவை நோக்கிய திருப்பம்

தசையிலும் இதயத்திலும் அறியப்பட்ட இப்பொருள் மூளையிலும் தொழிற்படுகின்றதா என்பது பின்னர் எழுந்த வினா. 1960களில் மூளையின் மேற்பட்டைக் கலங்களை அசற்றைல்கோலின் தூண்டுவது காட்டப்பட்டது. 1974இல் அமெரிக்க மருத்துவர் டிராக்மனும் லெவிற்றும் இளவயதினருக்குக் கயோசினைச் செலுத்தி அவர்களது நினைவைச் சோதித்தனர். கேட்டதை உடனே திருப்பிக் கூறும் ஆற்றல் அவர்களிடம் பெரிதும் குறையவில்லை. புதியதைப் பதித்துக் காக்கும் ஆற்றலே குன்றியது. அக்குறைபாடு முதியோரிற் காணப்படும் மறதியை ஒத்திருந்தது. ஊமத்தை உண்டவர் தெளிந்தபின் நடந்ததை நினைவுகூர இயலாதிருப்பர் என்னும் நாட்டறிவுக்கு இச்சோதனை விளக்கமாக அமைந்தது எனலாம்.

இதன் மறுதலையை 1978இல் சிதாராம், வைன்காட்னர், கில்லின் ஆகியோர் நிகழ்த்தினர். உடல்நலமுள்ளோருக்குச் சிறிதளவு அரிக்கோலினை அளித்தபோது சொல்வரிசையைக் கற்கும் ஆற்றல் அவர்களிற் சற்று மேம்பட்டது. கயோசினால் அது குறைந்தது. நமது பாக்கின் சாரம் மனித நினைவாய்வின் வரலாற்றில் இவ்வாறு இடம்பெற்றது. இதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே, அல்சைமர் நோயால் இறந்தோரின் மூளையில் அசற்றைல்கோலினை ஆக்கும் நொதியம் பெரிதும் குறைந்திருப்பதை டேவிசும் மலோனியும் கண்டிருந்தனர். மூளையின் அடித்தளத்திலிருந்து மேற்பட்டை முழுவதற்கும் இப்பொருளை வழங்கும் கலக்கூட்டம் அந்நோயில் அழிவுறுவதும் 1982இல் அறியப்பட்டது. சிதைக்கும் நொதியத்தை மென்மையாகத் தடுக்கும் டொனெப்பெசில் போன்ற மருந்துகள் 1990களிலிருந்து பயன்பாட்டுக்கு வந்தமை இவ்வாய்வுகளின் பயனாகும். அவை அறிகுறிகளைச் சிறிது தணிப்பன, நோயை மாற்றுவனவல்ல.

இவற்றைக் கொண்டு பாக்கு மெல்லுதல் நினைவுக்கு நன்றெனக் கொள்ளுதல் பெருந்தவறாகும். சோதனையில் அளிக்கப்பட்டது அளந்து செலுத்திய தூய பொருள். வாயிலிட்ட பாக்கின் சாரமோ சுண்ணாம்போடு கலந்து பெரும்பகுதி வேறு பொருளாக மாறுகின்றது. புகையிலையோடு கூடிய வெற்றிலை புற்றுநோய் விளைவிப்பதென்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இலும், புகையிலையற்ற பாக்கும் அத்தகையதே என்று 2004இல் வெளியிட்ட நூலிலும் முடிவு கூறியது. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்னிலை வகிப்பதை நாம் மறத்தலாகாது.

4. நரம்பிணைப்பின் நெகிழ்மை

நினைவு என்பது யாது? ஒருங்கே தொழிற்படும் நரம்புக்கலங்களின் இணைப்பு வலுப்பெறுவதே கற்றல் என்று 1949இல் ஹெப் கருதினார். முயலின் மூளையில், கடற்குதிரை வடிவினதாகையால் அப்பெயர் பெற்ற பகுதியில், இணைப்பொன்றை விரைந்து தூண்டியபின் அது நெடுநேரம் வலுவுற்றிருப்பதை பிளிஸ், லோமோ ஆகிய இருவரும் 1973இல் வெளியிட்டனர். இணைப்புகள் இவ்வாறு வலுப்பெறவும் நலியவும் கூடிய இயல்பையே நெகிழ்மை என்கின்றோம்.

இந்நெகிழ்மையில் அசற்றைல்கோலினின் பங்கை விளக்குவதற்கு நமது வட்டையைவிடப் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது. எந்த வயலுக்கு எப்போது நீர் பாய வேண்டும், எந்த வக்கடையைத் திறக்க வேண்டும், எதனை அடைக்க வேண்டும் என வட்டை விதானை முறைவைப்பார். அவர் நீரைச் சுமப்பவரல்லர். நீர் செல்லும் வழியையும் வேளையையும் வகுப்பவர். மூளையின் மேற்பட்டையில் விரைவுச் செய்திகளைச் சுமப்பன வேறு பொருள்கள். அச்செய்திகளுள் எது பதியும், எது கடந்துபோகும் என்பதை வகுப்பதிலேயே அசற்றைல்கோலினின் பணி பெரிதும் அமைகின்றது.

அப்பணி மூவகையில் நிகழ்கின்றது. முதலாவது, முசுக்கரீன் வகை வாங்கிகள் கலத்திலிருந்து பொற்றாசியம் வெளியேறும் வாயில்களிற் சிலவற்றை மூடுகின்றன. அதனாற் கலம் எளிதிற் கிளர்ச்சியுற்று இணைப்பு வலுப்பெற ஏதுவான நிலையை எய்துகின்றது. இரண்டாவது, நிக்கொற்றீன் வகை வாங்கிகள் புலன்வழி வரும் செய்தியை மேற்பட்டையில் மிகுவிக்கின்றன. மூன்றாவது, மேற்பட்டைக் கலங்கள் தமக்குள் பரிமாறும் பழைய செய்திகள் அவ்வேளையில் தணிக்கப்படுகின்றன. வெளிவாய்க்காலின் வக்கடை திறக்க, உள்வரம்பின் வக்கடைகள் அடைபடுகின்றன. புதியது பழையதோடு கலந்து குழம்பாது பதிவதற்கு இதுவே வழியாகும்.

இக்கொள்கைக்குச் சோதனைச் சான்றுகளும் உள. பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடினால் அதன் மூளை இணைப்புகள் திறந்த கண்ணுக்குச் சார்பாக மாறும். அசற்றைல்கோலினையும் நோரட்ரினலினையும் வழங்கும் நரம்புகள் இரண்டும் அகற்றப்படின் அம்மாற்றம் நிகழ்வதில்லை என்பதை 1986இல் பெயரும் சிங்கரும் காட்டினர். எலிக்கு ஓர் ஒலியைக் கேட்பித்து, அதே வேளையில் அசற்றைல்கோலின் வழங்கும் கலக்கூட்டத்தைத் தூண்டியபோது, அவ்வொலிக்கென மேற்பட்டையில் ஒதுக்கப்பட்ட இடம் விரிந்தது. கில்கார்ட், மெர்செனிக் ஆகியோர் 1998இல் வெளியிட்ட இவ்வாய்வு வளர்ந்த மூளையும் நெகிழக்கூடியதென்பதை உறுதிப்படுத்திற்று.

ஆயினும் கற்றது நிலைபெறுவதற்கு இப்பொருள் குறைதலும் வேண்டும். ஆழ்ந்த உறக்கத்தில் அசற்றைல்கோலின் மிகத் தாழ்வுறுகின்றது. அப்போது அடைபட்ட உள்வக்கடைகள் திறக்க, பகலிற் பதிந்தவை மீள ஓடி மேற்பட்டையில் நிலைகொள்கின்றன என்பது ஹசல்மோ முதலியோரின் கருத்து. 2004இல் கைசும் போர்ணும் உறங்குவோருக்கு நொதியத்தைத் தடுக்கும் பைசொஸ்திக்மினை அளித்து அப்பொருள் தாழ்வுறாது செய்தனர். முன்னிரவிற் கற்ற சொல்லிணைகளின் நினைவு அதனால் நலிந்தது. விழிப்பில் நினைவுக்குத் துணைநிற்பதே உறக்கத்தில் அதற்கு ஊறு செய்தது. ஆகவே நினைவுக்கு இன்றியமையாதது இப்பொருளின் மிகுதியன்று. உரிய வேளையில் உயர்தலும் உரிய வேளையில் தாழ்தலுமே என்பது பெறப்படுகின்றது.

இவ்விடத்துக் குர்ஆன் மனனம் செய்யும் மாணவரின் பயிற்சி முறை நம் கருத்தைக் கவர்கின்றது. 114 அத்தியாயங்களையும் நெஞ்சில் ஏற்றும் ஹாபிழ்கள் இக்கரையூர்கள் பலவற்றிலும் உள்ளனர். புதிய பாடத்தைத் தெளிந்த மனத்தோடு வைகறையிற் பயில்வதும், அண்மையிற் கற்றதைத் தனியாகவும் நெடுநாளைக்கு முன் கற்றதைத் தனியாகவும் மீட்டுதலும் அம்முறையின் கூறுகள். புதியதைப் பதித்தலையும் பழையதை மீட்டலையும் வேறு வேறு வேலைகளாகப் பிரித்தமை நூற்றாண்டுக் கணக்கான பட்டறிவின் விளைவாகும். ஆய்வுகூடம் கண்ட பாகுபாட்டோடு அது ஒத்திசைவது நோக்கற்பாலது.

5. வட்டையில் விசிறிய நஞ்சு

கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் நிறுவப்பட்டு இங்கினியாகலையில் நீர்த்தேக்கம் எழுந்தபின் இப்பிரதேசத்தின் வேளாண்மை பெருகியது. புதிய நெல்லினங்கள் வந்தன. உரமும் பூச்சிகொல்லியும் அவற்றைத் தொடர்ந்தன. பூச்சிகொல்லிகளுட் பெரும்பகுதி சேதனப் பொசுபரசுச் சேர்வைகளாகும். ஜெர்மனியில் கெர்கார்ட் சிறேடர் 1936இல் பூச்சிகொல்லி தேடுகையிற் கண்ட சேர்வையொன்று போர்க்கால நச்சுவாயுவாகவும் மாறிற்று; பாரத்தியன் அவ்வழியில் வந்ததே. பயிரின் பூச்சியையும் மனிதனையும் இவை தாக்கும் முறை ஒன்றே: அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியத்தை முடக்கிவிடுகின்றன. டொனெப்பெசில் மென்மையாகவும் மீளத்தக்கதாகவும் செய்வதை இவை வன்மையாகவும் நெடிது நிலைக்கவும் செய்கின்றன. திறந்த வக்கடையை அடைப்பார் இல்லாதபோது வயல் மூழ்குவதுபோல் உடலெங்கும் அப்பொருள் தேங்குகின்றது.

இத்துயரின் அளவை உலகிற்கு எடுத்துரைத்தோருள் ஜெ. ஜெயரத்தினம் முதன்மையானவர். அவரும் உடனாய்வாளரும் 1982இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பூச்சிகொல்லி நஞ்சினால் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ 1,000 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலார் துயர மிகுதியால் தாமே நஞ்சருந்தியோர். 1987இல் பேராதனையைச் சேர்ந்த நிமால் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் பத்து நோயாளரை ஆராய்ந்து புதியதொரு நோய்நிலையை விவரித்தனர். முதற்கட்ட அறிகுறிகள் தணிந்து ஓரிரு நாட்களின் பின் கழுத்து, மூச்சுத் தசைகள் செயலிழக்கும் அந்நிலையை இடைநிலைக் குறித்தொகுதி என்றனர். உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றுவிட்ட இக்கண்டுபிடிப்பு நமது நாட்டு வயல்களின் துயரத்திலிருந்து பிறந்தது என்பது சிந்திக்கற்பாலது. இந்நஞ்சுக்கு மருத்துவர் இன்றும் முதலிற் கையாளும் மாற்று அத்திரோப்பீன் ஆகும். ஊமத்தையிலும் உள்ள நச்சே வயலின் நஞ்சுக்கு மருந்தாகின்றது.

உயிர் தப்பியோரின் உள்ளம் என்னாகின்றது என்பது நமது பொருளுக்கு மிக நெருங்கிய வினா. காட்சியொன்றைக் கண்டு அதனை இன்னதென மூளை பகுத்தறியும்போது ஒரு மின்னலை எழும். நஞ்சுண்டு மீண்டோரில் அவ்வலை தாமதித்து எழுவதையும், சில மாதங்கள் கழித்துச் சோதித்தபோதும் அத்தாமதம் நீங்காதிருந்ததையும் பேராதனை ஆய்வாளர் 2007இல் வெளியிட்டனர். வீடு திரும்பியவரின் மறதியையும் மந்தத்தையும் சோம்பலென்றோ மனக்குறையென்றோ பழிப்பது இதனால் அறிவுடைமையாகாது. நஞ்சை அருந்தாது விசிறுவோரும் முற்றாகத் தப்புவதில்லை. தோல்வழியும் மூச்சுவழியும் புகும் சிறு அளவும் குருதியிலுள்ள நொதியத்தைக் குறைக்க வல்லது.

நாடு இதற்கு விடையிறுக்காமலும் இல்லை. 1984இல் பாரத்தியனும் 1995இல் மிகக் கொடிய வகுப்பைச் சேர்ந்த ஏனையவையும் தடைசெய்யப்பட்டன. 2008 தொடக்கம் 2011 வரை டைமெதொயேற்று, பெந்தியன் ஆகியனவும் விலக்கப்பட்டன. 1995இல் ஓரிலட்சம் பேருக்கு 47 என்னும் அளவில் இருந்த தற்கொலை வீதம் பத்தாண்டுகளில் ஏறத்தாழ அரைப்பங்காகக் குறைந்தது. மனத்துயர் ஒழிந்ததனால் இது நேர்ந்ததென்பதைவிட, துயர் மிக்க வேளையில் எட்டும் தூரத்தில் இருந்த நஞ்சு கொடுமை குறைந்ததாயிற்று என்பதே பொருந்தும். அவ்வேளை கடந்து பிழைத்தோர் பல்லாயிரவர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். பாக்கின் சாரம் ஒரு வாங்கியைத் தூண்டுகின்றது. ஊமத்தையின் சாரம் அதனை அடைக்கின்றது. பூச்சிகொல்லி செய்தியை முடியவிடாது தடுக்கின்றது. மூன்றும் ஒரே பொருளின் தொழிலைத் தொடுவதனாலேயே மூன்றும் அறிவையும் நினைவையும் தொடுகின்றன. அளவும் வேளையும் பிறழாத வரையில் அசற்றைல்கோலின் நரம்பிணைப்புகளைச் செப்பனிடுகின்றது; பிறழ்ந்தவிடத்து அதே பொருள் மறதிக்கும் மரணத்திற்கும் ஏதுவாகின்றது.

கல்முனைக் கரையின் மக்களுக்கு இவ்வறிவு ஏட்டுச் சுரைக்காயாதல் கூடாது. வட்டைக்குச் செல்பவர் மூக்கையும் கையையும் மூடி விசிறுதலும், நஞ்சு படிந்த உடையைக் குழந்தையைத் தூக்குமுன் களைதலும், புட்டிகளை வீட்டில் வையாது பூட்டிய இடத்தில் வைத்தலும் உடலைக் காப்பதோடு உள்ளத்தையும் காக்கும் செயல்கள். புதியதை விழிப்போடு கற்று உரிய உறக்கம் கொள்ளும் மாணவன் தன் மூளையின் இயல்போடு இசைந்து நடப்பவன். தேர்வுக்கு முன்னிரவை உறங்காது கழிப்பவனோ கற்றதை நிலைபெறவிடாது தானே தடுப்பவனாகின்றான். வட்டாவின் விருந்தோம்பலைப் போற்றும் நாம் அதிலுள்ள பாக்கையும் புகையிலையையும் இளையோரிடமிருந்து விலக்கலாம்; வரவேற்கும் பண்பு அதனாற் குன்றப்போவதில்லை.

நாட்டார் கவிகளை நூற்றுக்கணக்கில் நெஞ்சிற் சுமக்கும் மூதாட்டியரும், திருமறையை முழுதாய் நெஞ்சில் தாங்கும் ஹாபிழ்களும் வாழும் கரை இது. ஒலுவிலில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து பல்கலைக்கழகமொன்றும் இக்கரையிலேயே இயங்கி வருகின்றது. நினைவின் இரசாயனத்தைக் கற்போரும் நினைவின் மரபைப் பேணுவோரும் ஒருவரையொருவர் அணுகி, அம்முதியோரின் கற்றல் முறைகளைப் பதிவுசெய்வாராயின், அது தமிழ்மொழிக்கும் மருத்துவத்திற்கும் ஒருங்கே பயன் தருவதாகும்.